கையுறை போட்டுப் பரிமாறிய வீடு

வெளியே, காரின் கதவைத் தொட்டால் கை பொரிந்துவிடும் வெயில். உள்ளே, கணப்பில் கட்டை போட்டு நெருப்பு எரித்துக்கொண்டிருந்தார்கள்.

சத்தியமாகச் சொல்கிறேன். பஹ்ரைன் தீவில், புரட்டாசி கழிந்தும் சூடு தணியாத ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், பிராம்லி துரை வீட்டு வரவேற்பறையில் நாங்கள் எட்டுப் பேர் குளிர் காய்ந்துகொண்டிருந்தோம். ஏ.ஸி.யை முழு வேகத்தில் ஓடவிட்டு வீட்டை ஊட்டியாக்கிவிட்டு, அந்தக் குளிருக்காகக் கணப்பு மூட்டியிருந்தார்கள். என் பல் தந்தியடித்தது. பட்டுப்புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு எதைக் கண்டாலும் "லவ்லி, லவ்லி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் கணவர் சங்கரலிங்கம் அந்தக் கட்டுமானக் கம்பெனியில் வரைபட என்ஜினியர். பிராம்லி துரை அவருக்கு மேலே, மேனேஜர். துரைமார் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அழைக்கப்பட்ட முதல் இந்தியக் குடும்பம் நாங்கள்தான். அழைப்புச் சீட்டு வந்த நாளிலிருந்து ஈசா டவுனில் எங்கள் தெரு முழுக்க அதைக் காட்டிக்கொண்டு திரிந்தேன். ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள்கூட, "அம்மா, போதும்மா" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த வீட்டைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். மிஸஸ் பிராம்லி பிறந்தது இங்கிலாந்தில் ஏதோ கிராமத்துப் பெரிய பங்களாவில். அதன் படம் கணப்புக்கு மேலே மாட்டியிருந்தது. அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்தே கம்பெனி பங்களாவை மாற்றிவிட்டிருந்தார். சுவரெல்லாம் கருத்த மரப்பலகை. குதிரைப் படங்கள். கொம்போடு ஒரு மான் தலை. வாசலில் ரோஜா. குடிக்கவே தண்ணீர் லாரியில் வரும் ஊரில் ரோஜாப்பூ!

மிஸஸ் பிராம்லியைப் போல மென்மையாகப் பேசுகிறவரை நான் அதற்கு முன் கண்டதில்லை. "டியர்" போடாமல் பேச்சே கிடையாது. எந்தக் கையில் முள், எந்தக் கையில் கத்தி என்று எனக்குத் தெரியவில்லை என்றதும், யாருக்கும் தெரியாமல் தன் கையை மேசைமேல் மெதுவாக நகர்த்திக் காட்டினார். அவ்வளவு நாசூக்கு. இப்படி ஒரு மனுஷியா என்று எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

பரிமாறியவர் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் கையுறை. "சாம்" என்று அவரை அழைத்தார்கள். கோவாக்காரர் என்று நினைத்தேன். நிமிர்ந்தே பார்க்கவில்லை அவர். நிழல் போல வந்தார், போனார். அந்தக் கையுறையைப் பார்த்து விருந்துக்கு வந்த மற்ற வெள்ளைக்காரப் பெண்கள் இருவரும் வாயாரப் புகழ்ந்தார்கள். லண்டனிலேயே இப்போது இப்படிப் பார்க்க முடியாதாம்.

நுணல் வாய் திறந்தது

நாங்கள் சைவம். எங்களுக்கென்று உப்பும் உறைப்பும் இல்லாமல் வேகவைத்த காய்கள் வந்தன. பேருக்கு விழுங்கினேன். கடைசியில் அரிசிப் பாயசத்தைச் சுண்டவைத்தது போல ஒன்று கிண்ணத்தில் வந்தது. ஒரு வாய் வைத்தேன். அடடா! ஏலக்காய்! அடியில் நெய்யில் வறுத்த முந்திரி!

என் வாய்க்குப் பூட்டே கிடையாது என்பது இந்தத் தொடரை வாரந்தோறும் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். "மிஸஸ் பிராம்லி, இதில் ஏலக்காய் போட்டிருக்கிறீர்களே, அச்சு அசல் எங்கள் ஊர் ருசி!" என்று மேசை முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டேன். நல்லதைச் சமைத்தால் சத்தம் போட்டுச் சொல்வதுதானே நம் வழக்கம்.

மிஸஸ் பிராம்லி தன் கிண்ணத்தில் ஒரு வாய் எடுத்துப் பார்த்தார். "ஆமாம், எவ்வளவு கெட்டிக்காரத்தனம்" என்றார் புன்னகை மாறாமல். பிராம்லி துரை சட்டென்று கிரிக்கெட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கத்தியது நான், கெட்டது இன்னொருவர். அது எனக்கு அப்போது தெரியாது.

சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் மறுபடி கணப்பு இருந்த அறைக்கு எழுந்தார்கள். நான் என் தட்டையும் பக்கத்துத் தட்டையும் எடுத்து அடுக்கிக்கொண்டு, தள்ளினால் திறக்கும் கதவைத் தோளால் தள்ளி உள்ளே நுழைந்துவிட்டேன்.

இதற்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில், விருந்துக்குப் போன பெண் சாப்பிட்ட கையோடு அடுக்களைக்குள் போக வேண்டும். பாத்திரத்தில் கை வைக்க வேண்டும். வீட்டுக்காரி "ஐயோ, வேண்டாம், வைங்க" என்று பிடுங்க வேண்டும். இவள் விடமாட்டேன் என்று மல்லுக்கட்ட வேண்டும். என் அத்தை ஒருத்தி புதுச் சம்பந்தி வீட்டுக்குப் போன அன்று கால் வலி என்று கூடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பத்து வருஷம் அவளைக் "கலெக்டர் பெண்சாதி" என்றுதான் அந்த வீட்டில் சொன்னார்கள். அந்தப் பெயர் எனக்கு வந்துவிடக் கூடாதே!

ஆனால் இங்கிலீஷ்காரர் வீட்டில் விருந்தாளி அடுக்களைக்குள் போவது, நம் வீட்டில் விருந்தாளி செருப்போடு பூஜையறைக்குள் போவது மாதிரி. இதுவும் எனக்கு அப்போது தெரியாது.

குழாயடியில்

சாம் எனக்கு முதுகைக் காட்டி நின்று, கையுறையைக் கழற்றிவிட்டுக் குழாய்த் தண்ணீரில் கையை நீட்டியிருந்தார். என் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

"வேணாம் தாயி. தட்ட வச்சுப்புட்டுப் போயிருங்க. அந்தம்மா பாத்தா வம்பு."

தமிழ்! எனக்கு வந்த சந்தோஷத்தில் எந்த ஊர், என்ன பெயர், எத்தனை வருஷம் என்று ஒரே மூச்சில் கேட்டேன். பரமக்குடிப் பக்கம் ஒரு கிராமம். முத்துக்கருப்பன். வந்து பதினோரு மாதம். அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கையைப் பார்த்தேன்.

புறங்கை முழுக்கத் தழும்பு. ஒவ்வொன்றும் ஒரே அளவு, ஒரே வடிவம். முட்டை வடிவத்தில், தேக்கரண்டியின் அச்சு. விரல் முட்டியிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் வரிசையாக இருந்தது. சில கருத்து ஆறியிருந்தன. சில இன்னும் சிவப்பாக இருந்தன.

அவர் கையைப் பின்னால் மறைத்தார். நான் விடவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னார். தேநீர் இரண்டு நிமிஷம் தாமதமானால், கத்தியை இடம் மாற்றி வைத்தால், அந்த அம்மாள் வெள்ளித் தேக்கரண்டியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்துப் புறங்கையில் வைப்பார். திட்ட மாட்டார். குரல் உயராது. பிறகு கையுறையை அவரே துவைத்து அவரே இஸ்திரி போட்டுக் கொடுப்பார். பாஸ்போர்ட் துரையின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. வெளியே வாய் திறந்தால் வெள்ளிக் கரண்டி திருடிவிட்டான் என்று போலீசில் சொல்லிவிடுவதாக முதல் நாளே சொல்லியாகிவிட்டது. இவர் சொன்னால் யார் நம்புவார்கள்?

"துரைக்குத் தெரியாதா?" என்றேன்.

"அவுக பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்பாக" என்றார்.

பிறகு அவர் சொன்னது என் நெஞ்சில் இன்றைக்கும் கிடக்கிறது. "கதவிடுக்குல ஒங்க பொட்டு வச்ச மொகத்தப் பாத்ததும் கை நிக்கல தாயி, ஏலக்காயப் போட்டுப்புட்டேன். அந்தம்மாவுக்கு நாக்குல ஒண்ணும் தெரியாது, தப்பிச்சுக்கிறலாம்னு நெனச்சேன். நீக மேசையில வச்சுச் சொல்லிப்புட்டீக. இன்னைக்குச் சாயங்காலம் எனக்கு இருக்கு."

என்ன செய்வேன்? எனக்கு அந்த இடத்திலேயே என் வாயைத் தைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. அதற்குள் கதவு திறந்தது.

மிஸஸ் பிராம்லி நின்றார். முத்துக்கருப்பனின் கை எப்படிக் கையுறைக்குள் போயிற்று என்றே தெரியவில்லை, அவ்வளவு வேகம். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, பாயசத்தின் செய்முறையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன். "எவ்வளவு இனிமை" என்று அவரும் சிரித்தார். நகரவில்லை. என்னை அழைத்துப் போகத்தான் வந்திருந்தார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ. விரலை மடக்கி மடக்கி அளவு கேட்கிற பாவனையில் தமிழில் பேசினேன்.

"அண்ணே, சிரிச்ச மொகமா நில்லுங்க. தீவாளி கழிஞ்சு வார வெள்ளிக்கெழம ஒங்கள எங்க வீட்டுக்கு வரவழைக்கேன். அதுவரைக்கும் பொறுத்துக்கிடுங்க."

அவரும் சிரித்த முகமாகவே தலையை ஆட்டினார். "பாஸ்போர்ட்டு இல்லாம வந்து என்ன தாயி செய்ய?"

நியாயமான கேள்வி. மிஸஸ் பிராம்லி என் முழங்கையை மெல்லப் பற்றி வெளியே கூட்டிப்போனார். அவர் கை சில்லென்று பூப்போல இருந்தது.

சபையில் கேட்ட உதவி

யோசித்துச் செய்கிறவள் நான் அல்ல. கணப்பு அறைக்குள் நுழைந்ததும் எல்லோர் காதிலும் விழும்படி ஆரம்பித்துவிட்டேன். தீபாவளி எங்கள் பெரிய பண்டிகை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை பிராம்லி தம்பதி எங்கள் வீட்டில் சாப்பிட வேண்டும். எனக்கோ பரிமாற ஆள் இல்லை. உங்கள் சாமை அன்று ஒரு வேளை இரவல் தர வேண்டும்.

மற்ற இரண்டு பெண்களும் "ஓ, எவ்வளவு நன்றாக இருக்கும்!" என்றார்கள். அவ்வளவுதான். சபையில் வைத்துக் கேட்டதை மறுக்க அந்த நாகரிகத்தில் வழி கிடையாது. மிஸஸ் பிராம்லியின் கண் ஒரு கணம் என் மேல் நின்றது. "நிச்சயமாக, டியர்" என்றார்.

எனக்கு உள்ளம் துள்ளியது. ஆனால் பக்கத்தில் என் கணவரின் முகம் வெளுத்துக்கொண்டிருந்தது. தன்னைக் கேட்காமல் மேனேஜரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டாளே என்று.

காரில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார்.

"ஒனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா பார்வதி? மார்கழியோட எனக்குக் காண்ட்ராக்ட் முடியுது. மறுபடி கையெழுத்துப் போட வேண்டியது அந்த மனுசன்தான்."

"அந்தக் கைய நீங்க பாக்கல."

"பாக்கலதான். ஒம் பிள்ளைக்கு இந்தப் பள்ளிக்கூடம் வேணுமா வேண்டாமா, அத மட்டும் சொல்லு."

அவர் பயந்தது நியாயம்தான் என்று எனக்கும் தெரியும். அவரைக் கோழை என்று அன்று மனதுக்குள் திட்டினேன். அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

வாழையிலையும் கஃபீலும்

வளைகுடாவில் இருந்தவர்களுக்குக் கஃபீல் என்றால் யார் என்று சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். உள்ளூர்க்காரர் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால்தான் வெளியூர் ஆள் யாரும் அங்கே வேலைக்கு வர முடியும், அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஊருக்குத் திரும்ப முடியும். துரையானாலும் தோட்டியானாலும் இதுதான் சட்டம். எங்கள் கம்பெனிக்குக் கஃபீல், அபு காலித் என்கிற பெரியவர். என் கணவருக்கும் அவர்தான், முத்துக்கருப்பனுக்கும் அவர்தான். பிராம்லி துரைக்கும் அவர்தான்!

அபு காலித் இளம் வயதில் முத்து வியாபாரத்துக்காகப் பம்பாயில் பல வருஷம் இருந்தவர். அவர் பேசுகிற ஹிந்திக்கு முன்னால் நம் ஹிந்தி நொண்டியடிக்கும். அவர் தோட்டத்தில் பேரீச்சைக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு வாழை நின்றது. வாழையிலை கேட்கிற சாக்கில் அவரையும் சாப்பிடக் கூப்பிடுங்கள் என்று நச்சரித்தேன். முடியவே முடியாது என்றார் என் கணவர். இலை மட்டும் கேட்கிறேன் என்றார்.

நாலாம் நாள் வேலையிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றியபடி, சுவரைப் பார்த்துச் சொன்னார்: "இலையோட அவரும் வாராராம்."

தானாக வருவதாகச் சொன்னாரா, இவர் கூப்பிட்டாரா என்று கேட்டேன். சட்டையை மாட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

அந்த இரண்டு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. தீபாவளி வந்தது, போனது. முறுக்குப் பிழியும்போதும் அந்தக் கைதான் கண்ணில் நின்றது. ஏலக்காய் டப்பாவை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டேன். அதைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

இலை போட்டாயிற்று

என் திட்டம் இதுதான். முத்துக்கருப்பன் காலையிலேயே உதவிக்கு வந்துவிடுவார். அபு காலிதும் சீக்கிரம் வந்துவிடுவார். துரையும் அம்மாளும் வருவதற்குள் அந்தக் கையை அவருக்குக் காட்டிப் பேசி முடித்துவிடலாம்.

பூனைக்கு மணி கட்டும் திட்டமெல்லாம் எலிகளுக்கு நன்றாகத்தான் தோன்றும். பதினொரு மணி ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று, ஆளைக் காணோம். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து அபு காலித் வந்து உட்கார்ந்த பிறகு, ஒரு மணிக்கு பிராம்லி கார் வந்து நின்றது. முன்னால் துரையும் அம்மாளும். பின் சீட்டில் முத்துக்கருப்பன், வெள்ளை உடுப்பு, வெள்ளைக் கையுறை. மிஸஸ் பிராம்லி எனக்கு ஒரு கூடை ரோஜாப்பூ கொண்டு வந்திருந்தார். என் கன்னத்தில் கன்னம் வைத்தார்.

இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு இலை விரித்திருந்தேன். அபு காலித் இலையைத் தடவிப் பார்த்துப் பம்பாய்க் கதை ஒன்று சொன்னார். துரை சிரித்தார். முத்துக்கருப்பன் சோற்றுப் பாத்திரத்தோடு வந்து நின்றார்.

"எங்கள் வீட்டில் இலையில் கையுறை போட்டுப் பரிமாறும் வழக்கம் இல்லை" என்றேன் இங்கிலீஷில். "சாம் அதைக் கழற்றிவிடலாமே?"

மிஸஸ் பிராம்லி என் பக்கம் சாய்ந்து, ரகசியம் சொல்வது போல, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "பாவம், அவனுக்கு ஏதோ தோல் வியாதி, டியர். அதனால்தான்" என்றார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன். ஆனால் அபு காலித் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"தோல் வியாதியா? அவன்தானே உங்கள் வீட்டில் சமைக்கிறான்?" என்று துரையைக் கேட்டார். "கம்பெனி விசாவில் வியாதிக்காரனை வைத்துக்கொண்டு எனக்கு ஏன் சொல்லவில்லை? காட்டச் சொல்லுங்கள்."

துரை கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். சாப்பாட்டு நேரத்தில் எதற்கு என்றார். அபு காலித் தானே எழுந்து, முத்துக்கருப்பனின் மணிக்கட்டைப் பிடித்து, வலது கையுறையை உருவினார்.

பழைய தழும்பெல்லாம் அப்படியே இருந்தது. பெருவிரலுக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று, தோல் உரிந்து பளபளவென்று. ஏலக்காய்க்கு உண்டானது.

மொழிபெயர்ப்பாளர்

"வியாதி இப்படி வராது" என்றார் அபு காலித்.

சமையலறை விபத்துதான், இவன் கொஞ்சம் கவனக்குறைவு, அவனையே கேளுங்கள் என்றார் மிஸஸ் பிராம்லி. அந்தக் குரலில் ஒரு நடுக்கம் இல்லை. துரை என் கணவரைப் பார்த்து, "ஷங்கர், உங்கள் பாஷைதானே, கேட்டுச் சொல்லுங்கள்" என்றார்.

என் கணவர் எழுந்து நின்றார். "கையில என்னன்னு கேக்காங்க. சொல்லுங்க" என்றார் தமிழில்.

முத்துக்கருப்பன் அந்த அம்மாளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "கொதிதண்ணி பட்டுருச்சுன்னு சொல்லிருங்கய்யா" என்றார்.

பதினோரு மாதப் பயம் பேசுகிறது, அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? அந்த மேசையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் மூவர்தான். என் கணவர் கேட்டதை அப்படியே சொன்னால் விருந்து தொடரும், காண்ட்ராக்டும் தொடரும். சாயங்காலம் முத்துக்கருப்பன் அதே காரின் பின் சீட்டில் ஏறிப் போக வேண்டியதுதான்.

என் கணவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். வேலையில் அளவு வாசிக்கிற குரலில், ஒவ்வொரு சொல்லாக, இங்கிலீஷில் சொன்னார்.

"மேடம் தேக்கரண்டியைக் கொதிநீரில் காய்ச்சித் தன் கையில் வைக்கிறார் என்று சொல்கிறான். பாஸ்போர்ட்டைத் துரை பூட்டி வைத்திருக்கிறார் என்றும், வாய் திறந்தால் திருட்டுப் பட்டம் கட்டுவோம் என்று மிரட்டியிருக்கிறார்கள் என்றும் சொல்கிறான்."

இருபது வருஷம் குடித்தனம் நடத்தி நான் அறியாத மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் வேட்டி நடுங்கியது. குரல் நடுங்கவில்லை.

அபு காலித் முத்துக்கருப்பனிடம் ஹிந்தியில் கேட்டார். "பாய், இது நிஜமா?"

முத்துக்கருப்பனுக்கு ஹிந்தி அரைகுறை. என் கணவர் என்ன சொன்னார் என்பதும் அவருக்கு முழுதாகப் புரிந்திருக்காது. ஆனால் அந்தக் கேள்வி புரிந்தது. இடது கையுறையைத் தானே கழற்றி மேசைமேல் வைத்தார். அந்தக் கை இன்னும் மோசமாக இருந்தது.

"கலாஸ்" என்றார் அபு காலித். போதும் என்று அர்த்தம். துரையிடம் தாழ்ந்த குரலில், தன் டிரைவர் இப்போதே கூட வருவான், பாஸ்போர்ட்டை அவன் கையில் கொடுத்தனுப்புங்கள், பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்னால் அது தன்னிடம் இருக்க வேண்டும் என்றார்.

இதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். மிஸஸ் பிராம்லி எழவில்லை. தனக்கு வைத்த பாயசத்தைக் கிண்ணம் காலியாகும் வரை நிதானமாகச் சாப்பிட்டார். நன்றாக இருந்தது என்றார். வாசலில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, இவ்வளவு அழகான மத்தியானத்துக்கு நன்றி, டியர், என்றார். துரை தொப்பியைத் தொட்டார். அந்த அம்மாளைக் கத்தித் திட்ட வேண்டும் என்று நினைத்த என் வாய், பழக்க தோஷத்தில், "தேங்க் யூ ஃபார் கமிங்" என்றது. பாருங்கள் என் புத்தியை.

முக்கால் மணி நேரத்தில் பாஸ்போர்ட் வந்தது. அபு காலித் அதைப் பிரித்துப் பார்த்து முத்துக்கருப்பனின் சட்டைப்பையில் தானே வைத்தார்.

அந்த அம்மாளுக்கு எந்தத் தண்டனையும் கிடைக்கவில்லை. கொஞ்ச நாள் லீவில் ஊருக்குப் போய் வந்தார், அவ்வளவுதான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மார்கழியில் என் கணவருக்கும் கடிதம் வந்தது. அவருடைய சேவையைக் கம்பெனி மிகவும் மதிக்கிறதாம், ஆனாலும் காண்ட்ராக்டை நீட்டிக்க இயலவில்லையாம், குடும்பத்துக்கு அன்பான வாழ்த்துகளாம். பிராம்லி துரையின் அழகான கையெழுத்து. அப்படித்தான் நாங்கள் பெட்டி படுக்கையோடு துபாய்க்குப் போனோம். மகள் பள்ளிக்கூடத்துக்காக மூன்று நாள் அழுதாள். என் கணவர் ஒருநாள்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

புறப்படும் நாளில்

பம்பாய் விமானத்தில் இடம் கிடைக்கும் வரை ஐந்து நாள் முத்துக்கருப்பன் எங்கள் வீட்டில் இருந்தார். என்னை அடுப்பருகே அண்டவிடவில்லை. நாலு நாளும் அவர் சமையல்தான். ஐந்தாம் நாள் மத்தியானம் நான் பிடிவாதம் பிடித்தேன். இன்றைக்கு நான் சமைப்பேன், நீங்கள் உட்கார வேண்டும், நான் பரிமாறுவேன்.

கூச்சத்தோடு உட்கார்ந்தார். சட்டைப்பையில் பாஸ்போர்ட் துருத்திக்கொண்டிருந்தது. அதற்குள் டிக்கெட். வாசலில் என் கணவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் உற்சாகத்தில் தலைகால் தெரியாமல் பேசிக்கொண்டே பரிமாறினேன். விமானத்தில் ஜன்னல் ஓரம் கேளுங்கள், பம்பாயில் இறங்கியதும் தந்தி அடியுங்கள், வீட்டில் அண்ணியை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். பேச்சு மும்முரத்தில் கரண்டி சாய்ந்து, தட்டுக்குப் பக்கத்தில் ஊன்றியிருந்த அவருடைய இடது கைக்கு அருகே இரண்டு சொட்டு ரசம் சிந்திவிட்டது.

"ஸாரி அண்ணே" என்றேன்.

அவர் கையை வெடுக்கென்று இழுத்து மடிக்குள் புதைத்துக்கொண்டார். உடம்பு முழுக்கச் சுருங்கிவிட்டது. கண் இறுக மூடியிருந்தது.

நான் பதறிப்போய்ச் சுட்டுவிட்டதா என்று கேட்டேன். மேலே படவே இல்லை என்று எனக்கே தெரியும்.

அவர் கண்ணைத் திறக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "சுடல தாயி" என்றார். "அந்தம்மா அந்த ஸாரியச் சொல்லிப்புட்டுத்தான் கரண்டிய வைக்கும். ஒவ்வொரு தடவையும்."

கரண்டியை ஏந்தியபடி நின்றேன். பாஸ்போர்ட்டை வாங்கிக் கொடுத்தோம், டிக்கெட் வாங்கியாயிற்று, எல்லாம் முடிந்துவிட்டது என்று துள்ளிக்கொண்டிருந்தேனே, இதை அவரிடமிருந்து யார் வாங்கித் தருவது?

முத்துக்கருப்பன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். பிறகு மடியிலிருந்து அந்தக் கையை எடுத்தார். மெதுவாகக் கொண்டுவந்து, தட்டுக்குப் பக்கத்தில், முன்பு இருந்த இடத்திலேயே, தழும்பு மேலே தெரியும்படி வைத்தார்.

"இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்துங்க தாயி" என்றார்.

வாயைத் திறக்காமல் ஊற்றினேன்.